வாசல்காரரின் மஞ்சள் சட்டை

இனோக்கே தன் தங்கை கெலேராவோடு சண்டை போட்டிருந்தால் எப்படி இருந்திருக்குமோ, சண்டை போடாதபோதும் அப்படியேதான் இருந்தது. வயது வந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசமாட்டார்கள். எதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கிக்கொள்வார். அது இந்தத் தீவின் பூர்வகுடி மக்களின் மரியாதை. நான் பா என்கிற ஊர்க்காரி, கரும்புக்காட்டு வீட்டில் ஐந்து அண்ணன்களோடு நாள் முழுக்கக் கத்திக்கொண்டு வளர்ந்தவள். இந்த மரியாதை எனக்குப் பிடித்ததே இல்லை. கோபமா மரியாதையா என்று வெளியே தெரியாத ஒரு பழக்கத்தால் யாருக்கு என்ன லாபம் என்று கெலேராவிடமே பலமுறை கேட்டிருக்கிறேன். "உனக்கு வாய் நீளம், அங்கா. அதான் உனக்குப் புரியலை" என்பாள்.

சிங்கடோகா சந்தைக்குப் பின்னால் எங்கள் தையற்கூடம். நான் துணி வெட்டுகிறவள். கெலேராதான் எல்லாவற்றையும் தொடங்கியவள். இன்னும் ஐந்து பெண்கள் தைக்கிறார்கள். ஹோட்டல் ஆட்களுக்கு உடுப்புத் தைப்பது ஒன்றே எங்கள் வேலை. இந்தக் கடற்கரையில் பரிமாறுகிறவர், படுக்கை விரிக்கிறவர், படகோட்டி என்று பாதிப் பேர் முதுகில் எங்கள் தையல்தான் இருக்கும்.

கெலேராவைப் பார்த்தால் உடுப்பு வடிவமைக்கிறவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பழைய பூப்போட்ட கவுன், தோளில் அளவு நாடா, காதுக்குப் பின்னால் சுண்ணாம்புக் கட்டி. புது ஹோட்டல் வேலை வந்தால் முதலில் துணியைத் தொடமாட்டாள். அந்த ஹோட்டலுக்குப் போய் சும்மா உட்கார்ந்திருப்பாள். டோபாவுலா ஹோட்டல் பாதி கட்டியிருந்தபோது மூன்று நாள் அதன் முன்கூடத்தில் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்தாள். கொத்தனார்கள் அவளைப் பைத்தியம் என்றே முடிவுகட்டிவிட்டார்கள்.

மேலாளர் ஹாலிஸ் அம்மா ஆஸ்திரேலியக்காரி, இங்கே இருபது வருடமாக இருப்பவள். "கார்ல இருந்து இறங்குறவங்களுக்கு, ஒரு வீடே எழுந்து வந்து கூப்பிடுற மாதிரி இருக்கணும். ராணுவம் நிக்கிற மாதிரி இருக்கக்கூடாது" என்று மட்டும் சொன்னாள். கெலேராவுக்கு அது போதும். அறை சுத்தம் செய்கிற பெண்களுக்கு, தண்ணீர் வடிந்த நேரத்துப் பவளப்பாறையின் சாம்பல் நிறம். மார்பில் பை கிடையாது, குனிந்தால் பேனா விழும் என்று. பெட்டி தூக்குகிறவர்களுக்கு அக்குளில் ஒரு கூடுதல் துண்டு, கை தூக்கினால் சட்டை வெளியே வராமலிருக்க. முழு ஹோட்டலிலும் மஞ்சள் ஒரே ஒருவருக்குத்தான், வாசலில் நிற்கிறவருக்கு. மஞ்சள் கிழங்கை அரைத்த நிறத்தில் சட்டை, அதே நிறத்தில் இடுப்பில் சுற்றும் சூலு. "சாயங்காலம் வீட்டு வாசல்ல வைக்கிற விளக்கு அவரு. மத்ததெல்லாம் அந்த வெளிச்சத்துல தெரிஞ்சா போதும்" என்றாள்.

வாசலுக்கு ஆளை ஹாலிஸ் அம்மாவே தேர்ந்தெடுத்தாள். கட்டட வேலை நடந்தபோது வெளிக்கதவில் காவல் இருந்த மனிதர், சிமெண்ட் லாரிக்குக் கதவு திறந்த விதத்தைப் பார்த்திருக்கிறாள். ஆறடி உயரம், நரைத்த தாடி. லாரிக்காரனையே தலைவரை வரவேற்பதுபோல் வரவேற்றாராம். "அவர்தான் என் வாசல்" என்றாள். அவர்தான் இனோக்கே.

அந்தப் பெயரைக் கேட்டதும் கெலேராவின் முகம் சுருங்கியது.

காரணம் எனக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்திருந்தேன். இரண்டு வருடம் முன்பு கெலேராவின் புருஷன் சகேயாசி சர்க்கரை வியாதியில் காலை எடுத்தும் பிழைக்காமல் போனார். அவரும் இனோக்கேயும் மச்சான்கள். பார்க்கிற நேரமெல்லாம் ஒருவரை ஒருவர் திருடன் என்றும் கிழவன் என்றும் திட்டிக்கொள்வார்கள். அந்த உறவில் அப்படித் திட்டத்தான் வேண்டும். செத்தவருக்காக நூறு இரவு கறுப்பு உடுத்துவது வழக்கம். கெலேரா நாற்பத்திரண்டாம் நாளே கழற்றிவிட்டாள். அப்போதுதான் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தாள். முதல் வேலை தந்த ஹோட்டல், விருந்தாளிகள் நடுவே கறுப்பில் யாரும் வந்து அளவு எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. சிங்கடோகா பஸ் நிலையத்துக் கக்கூஸில் நின்று கறுப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு போனாள். ஊர்ப் பெண் ஒருத்தி பார்த்துவிட்டாள்.

நூறாவது நாள் சடங்குக்குக் கெலேரா போகவில்லை. வெட்கம். அன்று துணி வாங்கப்போகிறேன் என்று சூவாவுக்குப் பஸ் ஏறிவிட்டாள். எல்லோரும் அன்றைக்குக் கறுப்பை இறக்கினார்கள், இனோக்கேயைத் தவிர. அவர் இரண்டு வருடமாகக் கறுப்புச் சட்டையும் கறுப்புச் சூலுவும்தான். காவல்காரர் உடுப்பு அப்படித்தானே என்று நான் விட்டுவிட்டேன். கெலேரா விடவில்லை. "நான் இறக்கின கறுப்பை எனக்குக் காட்டிக்கிட்டே நடக்குறாரு. இதைவிட வேற எப்படித் திட்டணும்?" என்று ஒருமுறை என்னிடம் சொல்லி அழுதாள்.

அவருக்கு அளவு எடுத்தது நான். தங்கை தொடக்கூடாது. நான் தொடலாம், ஏனென்றால் என்னை அவர் மச்சினி முறை வைத்துக் கூப்பிடுகிறார். தங்கச்சி என்று கூப்பிட்டால் என்னோடும் பேச முடியாமல் போய்விடும், அவருக்கோ பேசாமல் இருக்க முடியாது.

"மச்சினி, நாடா பத்துமா? இல்லைன்னா கப்பல் கட்டுற கயிறு எடுத்துட்டு வா."

"காக்காய்க்கு எதுக்கு கயிறு? ரெண்டு குச்சி வெச்சு அளந்தாப் போதும்."

கறுப்பைப் பார்த்து நான் வைத்த பெயர் அது. இரண்டு வருடமாக அவரைக் காக்கா என்றே கூப்பிட்டேன். அவரும் சிரித்தார். ஏன் கறுப்பு என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. இவ்வளவு நீள வாயை வைத்துக்கொண்டு கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

தைத்த மஞ்சள் உடுப்பைப் போட்டுப் பார்க்க இரண்டு முறை வரச்சொன்னோம். வரவில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முதலாளி ஃபென்விக் முன்னால் பன்னிரண்டு பேர் உடுப்போடு நடந்துகாட்ட வேண்டும். அவர் பிரிஸ்பேனிலிருந்து அதற்காகவே வந்தவர், மத்தியானம் விமானம். அவர் கையோடு இன்னொரு கம்பெனியின் மாதிரியும் வந்திருந்தது. முன்கூடத்தில் பொம்மைக்கு மாட்டி வைத்திருந்தார்கள். கருநீலக் கோட்டு, தோளில் தங்கச் சரிகை, தொப்பி. இங்கத்து வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறவன் மதியத்துக்குள் மயங்கி விழுவான். ஆனால் முதலாளிக்கு அது பிடித்திருக்கிறது என்று ஹாலிஸ் அம்மா முன்பே எச்சரித்திருந்தாள். எங்கள் உடுப்பு அன்றைக்கு விழுந்தால், ஆறு மாதமாக மற்ற வேலையெல்லாம் விட்டு இதையே நம்பியிருந்த தையற்கூடத்தை மூட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குப் பதினொரு பேர் தயாராகிவிட்டார்கள். இனோக்கே வந்திருந்தார், கறுப்பில். மஞ்சள் உடுப்புப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஆண்கள் உடுத்துகிற அறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. ஒன்பதே கால் ஆயிற்று, ஒன்பதரையும் ஆயிற்று. நடைபாதையில் துணி மூட்டைகளுக்கு நடுவே கெலேரா நின்றுகொண்டு கையிலிருந்த ஊசிமெத்தையை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"போடமாட்டாரு, அங்கா. எல்லார் முன்னாடியும் போடமாட்டேன்னு காட்டப்போறாரு. எனக்கு இது வேணும்தான்."

"வேற ஆளுக்கு மாட்டிவிடலாமா?"

"அந்த உசரத்துக்கு வெட்டினது. வேற யாரு போட்டாலும் மாமனார் சட்டை மாதிரி இருக்கும்." உடுத்துகிற அறைக் கதவைக் காட்டினாள். "நீ போய்க் கேளு. திட்டினாலும் பரவால்ல. என்ன திட்டினாருன்னு அப்படியே வந்து சொல்லு."

உள்ளே போனேன். மற்ற ஆண்கள் வெளியே நின்றார்கள். இனோக்கே பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலத்தை மடியில் வைத்திருந்தார். பிரிக்கவே இல்லை.

"ஆம்பளைங்க உடுத்துற இடத்துல வந்து நிக்கிற. உன் வீட்டுக்காரன் கேட்டா நான் என்ன சொல்றது?"

"கிழட்டுக் காக்கா ஒண்ணு கூண்டுல மாட்டிக்கிச்சு, பார்க்க வந்தேன்னு சொல்லிக்கிறேன். எந்திரிங்க. மணி ஒன்பதரை."

அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் பயந்தேன்.

"போட முடியலை, மச்சினி. நல்லாத்தான் இருக்கு. தடவிப் பார்த்தேன். ஆனா இது ஹோட்டல் குடுத்த துணி. ஹோட்டல் குடுத்ததைப் போட்டுக் கறுப்பை இறக்கினா அந்தத் திருட்டுப்பய கிட்ட நாளைக்கு என்ன பதில் சொல்வேன்?"

திருட்டுப்பய என்றது செத்துப்போன சகேயாசியை.

"நூறு நாள் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சே."

"என்னோடது முடிஞ்சுது. இது என்னோடது இல்லை." தன் சட்டையைத் தொட்டுக் காட்டினார். "அவன் வீட்டுக்காரி அம்பத்தெட்டு நாள் மிச்சம் வெச்சா. பொழைக்கணும், என்ன செய்வா? ஊருல பேசினாங்க. மிச்சத்தை நான் உடுத்துறேன், இனிமே அவளைப் பத்தி எவனும் வாயைத் திறக்காதீங்கன்னு அந்த நூறாவது நாள் சபையில சொன்னேன். அதோட பேச்சு நின்னுது."

"அம்பத்தெட்டு நாள்தானே. அப்புறம் ஏன்?"

"நானா எப்படிக் கழட்டுறது? அவளுக்காக உடுத்தினது. அவ கையால ஒரு துணி வரணும். வரலை." தலை குனிந்துகொண்டார். "நடுவுல புகுந்து அவ கறுப்பை எடுத்தது அவளுக்குப் பிடிக்கலைன்னு நெனைச்சேன். போய்க் கேக்கவா முடியும்?"

அவளிடம் யாருமே சொல்லவில்லை. சகேயாசி வீட்டார், இனோக்கே வீட்டார் சொல்லியிருப்பார்கள் என்று இருந்திருக்கிறார்கள். இனோக்கே வீட்டாரோ, அவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று. சொல்ல உரிமையில்லாத ஒரே மனிதர் சம்பந்தப்பட்டவர். நான் என்ன செய்தேன்? காக்கா என்று கூப்பிட்டுச் சிரித்தேன். பொட்டலத்தை அவர் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

கெலேராவிடம் சொன்னபோது அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருஷமா?"

"ஆமா."

"அம்பத்தெட்டு நாளுக்கு ரெண்டு வருஷம் வாங்கிட்டேனா நான்?"

மணி ஒன்பது நாற்பத்தைந்து. முன்கூடத்தில் ஃபென்விக்கின் குரல் கேட்டது. முறைப்படி செய்வதென்றால் பாய் வேண்டும், சமையல் வேண்டும், இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு சட்டையும் ஒரு சூலுவும். கெலேரா பொட்டலத்தைப் பிரித்தாள். சட்டைக் கழுத்தின் உள்ளே ஹோட்டல் பெயர் போட்ட லேபிள் இருந்தது. தையல் பிரிக்கிற கத்தியை எடுத்து அதைச் சுற்றி நான்கு பக்கமும் அறுத்தாள். சூலு இடுப்பிலும் ஒன்று இருந்தது, அதையும் அறுத்தாள். இரண்டு லேபிளும் என் கைக்கு வந்தன.

"இப்ப இது ஹோட்டலோடது இல்லை."

"சரி, உள்ள வெச்சிட்டு வந்துடறேன். குடு."

"உள்ள இல்லை."

"பின்ன எங்க?"

"முன்கூடத்துல. எல்லாரும் பார்க்க."

"உனக்கு மூளை கெட்டுப்போச்சா? அந்த வெள்ளைக்காரன் பத்து நிமிஷத்துல நம்ம பொழைப்பை முடிவு பண்ணப்போறான். முதல்ல நடந்து காட்டட்டும், சாயங்காலம் ஊருக்குப் போய்ப் பாய் விரிச்சு ஒழுங்காச் செய்."

"நான் கக்கூஸ்ல மறைஞ்சு நின்னு கழட்டினேன், அங்கா. எனக்காக உடுத்தினவரு அதையே செய்யணுமா? கதவைச் சாத்திக்கிட்டு?" எழுந்துவிட்டாள். "போய் அவரைக் கூடத்துக்கு வரச் சொல்லு. கறுப்போட வரச் சொல்லு."

எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம். ஐந்து பெண்களின் வேலை, என் வேலை, எல்லாம் அவள் கையில் மடித்து வைத்திருந்த அந்தத் துணியில் இருந்தது. ஆனாலும் போய்ச் சொன்னேன். சொல்லாமல் இரண்டு வருடம் வீணாய்ப் போனது போதும்.

முன்கூடத்தில் பதினொரு பேரும் வரிசையாக நின்றார்கள். ஃபென்விக் சோபாவில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஹாலிஸ் அம்மா. நீலக்கோட்டுப் பொம்மை அவர்களுக்குப் பின்னால். இனோக்கே கறுப்பில் வந்து வாசலருகே நின்றார். ஃபென்விக் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு ஹாலிஸ் அம்மாவை. அப்போது கெலேரா அந்தப் பழைய கவுனோடு நடுக்கூடத்துக்கு நடந்துபோய்ப் பளிங்குத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

வரிசையில் இருந்தவர்களில் முக்கால்வாசி அந்த ஊர்க்காரர்கள். முதலில் சமையற்கட்டுப் பெண் உட்கார்ந்தாள். அப்புறம் பெட்டி தூக்குகிறவர்கள். பதினொரு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஃபென்விக் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "என்ன இது, வேலைநிறுத்தமா?" என்று ஹாலிஸ் அம்மாவிடம் கேட்டார். அவள் அவர் கோட்டு நுனியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். சோபாவுக்கு அல்ல, தரைக்கே. என்ன நடக்கிறதென்று அவளுக்கும் தெரியாது, ஆனால் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது நிற்கக்கூடாது என்று தெரிந்திருந்தது. நான் தூண் ஓரமாக மண்டியிட்டு லேபிள்களைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

இனோக்கே தங்கைக்கு எதிரே, ஒரு பாய் அகலம் தள்ளி உட்கார்ந்தார். இருவரும் தரையைப் பார்த்தார்கள். கெலேரா துணியை இரண்டு கையாலும் தூக்கிப் பாதி தூரத்தில் வைத்தாள்.

"சகேயாசி வீட்டுல இருந்து வருது" என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "நேரத்துக்கு வந்திருக்கணும். தெரியாமப் போச்சு. கறுப்பு இன்னியோட இறங்கட்டும்."

இனோக்கே அசையவில்லை. வாங்காமல் எழுந்து போய்விடுவாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு, ஏற்றுக்கொண்டேன் என்பதற்கான முறைப்படி, இரண்டு கைகளையும் குவித்து மெதுவாகத் தட்டினார், ஒருமுறை, இன்னொருமுறை, மூன்றாவது முறை. வரிசையில் இருந்தவர்களும் தட்டினார்கள். துணியை எடுத்து நெற்றிக்கு நேரே உயர்த்திவிட்டு எழுந்து உள்ளே போனார்.

ஹாலிஸ் அம்மா குனிந்து கெலேராவிடம் வந்தாள். "ஃபென்விக்குக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. தினமும் அஞ்சு மணிக்கு விருந்தாளிங்க முன்னாடி இதைச் செய்ய முடியுமான்னு கேக்குறாரு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை எங்களுக்கு.

"இது எங்க வீட்டுச் சாவு" என்றாள் கெலேரா. "தினமும் அஞ்சு மணிக்கு வராது. அவருகிட்ட அப்படியே சொல்லுங்க."

ஹாலிஸ் அம்மா அப்படியே சொன்னாள். ஃபென்விக்கின் முகம் காதுவரை சிவந்தது. தரையிலேயே உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதரா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அசட்டுத்தனம் புரிந்தபோது வெட்கப்படத் தெரிந்திருந்தது.

அப்போதுதான் இனோக்கே வெளியே வந்தார். அந்த மஞ்சள் எப்படி இருந்தது என்று சொன்னால் நான் வெட்டியதை நானே புகழ்வதாகிவிடும். அவர் எங்களைக் கடந்து நேராக வாசலுக்குப் போய்த் தன் இடத்தில் நின்றார். வெளியே அந்த நேரம் பார்த்து ஃபென்விக்கை விமானத்துக்கு ஏற்றிப் போகிற கார் வந்தது. ஓட்டுநர் ஒரு சின்னப் பையன், வியர்த்துக் கசங்கி இறங்கினான். இனோக்கே கதவைத் திறந்து, அவனை உள்ளே வரச்சொல்லிக் கை நீட்டினார். அந்தப் பையன் தன்னையறியாமல் தலையைத் தடவிச் சரிசெய்துகொண்டான். ஃபென்விக் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். போகும்போது, நீலக்கோட்டுப் பொம்மையைக் கிடங்கில் வைத்துவிடச் சொல்லிவிட்டுப் போனார். வேலை எங்களுக்கு வந்தது.

அவர் கார் போனபிறகு கெலேரா வாசல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு துணிகளை மடித்தாள். போகலாம் என்றேன், மடித்ததையே திரும்ப மடித்தாள். இனோக்கே என்னைக் கூப்பிட்டார், கெலேரா காதில் விழுகிற அளவுக்கு உரக்க.

"மச்சினி, தையற்காரம்மா கிட்ட ஒண்ணு சொல்லு. கழுத்து இறுக்கமா இருக்கு."

எனக்கு வந்ததே கோபம். அவர் கழுத்தை அளந்தது நான். இரண்டு விரல் போகிற அளவு விட்டு வெட்டினேன், என் கத்தரி தப்பாது. காட்டுகிறேன் என்று கிட்டே போய்க் காலருக்குள் விரலை விடப் போனேன். சட்டை தளர்வாகத்தான் இருந்தது. உள்ளே அவர் தொண்டை ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தேன். "கழுத்து இறுக்குதாம், கெலேரா" என்றேன்.

"கேட்டுச்சு" என்றாள். "இருக்கட்டும்னு சொல்லு. எனக்கும் அப்படித்தான் இருக்கு."